தாத்தாவின் பட்டாள நம்பர்

பெங்களூர்ப் பக்கம் சந்தாபுராவில் வாடகைக்குக் குடியிருக்கும் வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எங்க கொள்ளுத்தாத்தா பர்மா சண்டைக்குப் போனவரு" என்று யாராவது ஒருவர் சொல்லுவார். எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம், என்ன நம்பர் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். சண்டை முடிந்த ஓரிரு வருஷத்தில் அவர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினைந்து வருஷ சர்வீஸ் இல்லை, ஆகவே பென்ஷனும் இல்லை. மாதாமாதம் பணம் வராத வீட்டில் பட்டாளக் கதையும் சீக்கிரம் அடங்கிவிடும்.

அன்று சிப்பாயின் குடும்பத்துக்கு இருந்த ஒரே ஆவணக் காப்பகம் தபால்காரர்தான். மணியார்டர் வந்தால் ஆள் இருக்கிறார். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள். தாலி நிலைத்ததா போனதா என்று தெரியாமலே மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்த பெண்கள் உண்டு. திரும்பி வந்தவர் கையில் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும். தகரப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவார். அரசாங்கத்திடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போய், குமாஸ்தா எதிரில் நிற்பார்.

இன்று கதை வேறு. 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ ஓடுகிறது. அங்கே ஏறி, ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறினால் அல்சூர். 1780-ல் உருவாகி, 1834-ல் பெங்களூருக்கு வந்த மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் தலைமையிடமும் ரெக்கார்டு ஆபீஸும் அந்தப் பக்கம்தான். இந்த ஆபீஸ்கள் படைவாரியாகப் பிரிந்தவை. மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவருக்கு நீலகிரி வெலிங்டனுக்கு எழுத வேண்டும். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

ரயிலில் உட்கார்ந்தபடியே போனிலும் தேடலாம். 1917-ல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் இருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் மெட்ராஸ் சேப்பர்ஸ்காரர். 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி மேல் பாய்ந்து விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். இன்று அவர் பெயரைத் தேடி எடுக்க ஒரு நிமிஷம் போதும். விருது வாங்காத சாதாரண சேப்பரும் போரில் இறந்திருந்தால் அந்தப் பட்டியலில் கிடைக்கலாம். அப்பா பெயர், மனைவி பெயர், ஊர், ஜில்லா என்று பல பதிவுகளில் விவரமும் இருக்கும்.

அதற்காக ஆணையத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாம். முதல் உலகப் போருக்காக இராக்கின் பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்க்கு இந்தப் படையில் இத்தனை பேர் என்று தலைக்கணக்கு மட்டும். 2021-ல்தான் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

என் குறை வேறு. பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் இறந்தவர்கள். உயிரோடு திரும்பிய தாத்தாவை எங்கே தேடுவது? பென்ஷன் இல்லாமல் வெளியேறியவரின் சர்வீஸ் காகிதங்களை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழிக்கலாம் என்பது நம் ராணுவ விதி. 1946-ல் வீடு வந்தவருக்குக் கணக்குப் போட்டால் 1971-லேயே கெடு முடிந்துவிட்டது. லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டில் ஒரு வரி மிஞ்சியிருக்கும்: நம்பர், பெயர், சேர்ந்த நாள், போன நாள். லண்டனில் 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்து, முதல் போருக்குப் போன பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. நமக்குக் குண்டு தேவைப்படவில்லை, விதியே போதுமானதாக இருந்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பஞ்சாப் பதிவேடுகளிலிருந்து முதல் போருக்குப் போன 3,20,000 பேரின் விவரம் 2021-ல் வெளியே வந்தது. அதைப் பார்த்து வேலூர்க்காரர் பொறாமைப்படலாம், அவ்வளவுதான்.

அந்த லாங் ரோல் வரியை எடுக்கவும் நம்பர் வேண்டும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முனுசாமியைத் தேடினால் நூறு முனுசாமிகள் வருவார்கள், அதுவும் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில். ஜில்லா இன்னொரு தலைவலி. ஓசூர் 1965 வரை சேலம் ஜில்லா. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல் வந்தது. குடியாத்தத்துக்காரரை வட ஆற்காட்டில் தேட வேண்டும். அத்திப்பள்ளி எல்லைக்கு இந்தப் பக்கம், ஆனேக்கல் தாலுகாவில் பிறந்தவர் மைசூர் சமஸ்தானத்துப் பிரஜை. மகாராஜாவின் படையில் சேர்ந்தாரா, பிரிட்டிஷாரின் இந்திய ராணுவத்தில் சேர்ந்தாரா என்பதைப் பொறுத்து அவர் காகிதத்தின் விலாசம் மாறும்.

டிஸ்சார்ஜ் புத்தகம் செல்லரித்துப் போயிருந்தால் மெடலைத் தேடுங்கள். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் இந்திய வரைபடமும் 1939–45 என்ற எழுத்தும் இருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல். நாம் பார்க்க வேண்டியது விளிம்பை. சாய்த்துப் பிடித்து வெளிச்சம் பட உருட்டினால் நம்பர், பதவி, பெயர், படை என்று பொடி எழுத்து வரிசையாகத் தெரியும். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்த மெடல்களில் பெயர் போடவில்லை. இந்திய ராணுவத்துக்குக் கொடுத்ததில் போட்டார்கள். நமக்குக் கிடைத்த ஒரே சலுகை! முதல் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளி. கஷ்ட காலத்தில் எடைக்குப் போட்டு உருக்கியவர்கள் அநேகம். அடுத்த போரின் வார் மெடல் செம்பும் நிக்கலும் கலந்தது. சேட்டுக் கடையில் விலை போகாது என்பதாலேயே பல வீடுகளில் தப்பியிருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்குங்கள். மெடலுக்குப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கும். டிஸ்சார்ஜ் காகிதத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, நம்பரைத் தனியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மனுவை அதற்குப் பிறகு போடலாம்.