பறங்கி: ஒரு பெயர் நடந்து வந்த தொலைவு

பறங்கிக்காய், பறங்கிமலை, பறங்கிப்பேட்டை. மூன்றும் நம் மாணவர்கள் அறிந்த பெயர்கள்தாம். இவற்றின் முன்பாதி ஓர் இனத்தின் பெயர் என்பதை, ஐரோப்பியர் வருகைப் பாடம் நடத்தும்போது சொல்லிப் பாருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இதில் சற்றுக் கூடுதல் உரிமையும் உண்டு. 'பிரெஞ்சு' என்பதும் 'பறங்கி' என்பதும் ஒரே பெயரிலிருந்து கிளைத்தவை.

அந்த மூலப்பெயர் 'பிராங்க்'. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ரைன் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஜெர்மானியக் குலங்கள் சிலவற்றை ரோமானியர் சேர்த்துக் குறித்த பெயர் இது. எறியீட்டியைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. 'கட்டற்றவர்' என்பதே பொருள் என்பது இன்னொன்று. இரண்டாவது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் பெயருக்குப் பிந்தியது என்று கொள்வதே பொருத்தம். 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் குளோவிஸ் மன்னன் காலத்தில், ரோமானியர் 'கல்லியா' என்றழைத்த நாட்டின் பெரும்பகுதி பிராங்குகளின் கைக்கு வந்தது. அங்கே முழு உரிமையுடன் வாழ்ந்தவர்கள் அவர்களே. எனவே இனத்தின் பெயரே உரிமையுள்ளவனைக் குறிக்கும் சொல்லாயிற்று.

நாட்டுக்குப் பெயர் கொடுத்த அவர்கள் தங்கள் மொழியைக் கொடுக்கவில்லை. பிரெஞ்சு இலத்தீன் வழி வந்த மொழி. பல்கேரியாவிலும் இதே கதைதான். 7ஆம் நூற்றாண்டில் டான்யூப் கரையில் அரசமைத்த பல்கர்கள் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். இன்றைய பல்கேரிய மொழியோ ஸ்லாவியக் குடும்பத்தது. 'கலத்தல்' என்று பொருள்படும் துருக்கிய வினையிலிருந்து பல்கர் என்ற பெயர் வந்திருக்கலாம் என்பாரும் உண்டு. ஒரு மக்களின் பெயரைக் கொண்டு அவர்களின் இரத்தத்தையோ மொழியையோ கணக்கிட முடியாது என்பதற்கு இவ்விரண்டும் நல்ல சான்றுகள்.

சிலுவைப் போர்கள் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியபோது, மேற்கிலிருந்து வந்த எல்லாரையும் அரேபியர் 'இஃபிரஞ்ச்' என்றனர். பாரசீகத்தில் அது 'ஃபரங்கி' ஆனது. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தபோது, அரபு வணிகர்கள் அங்கே முன்பே இருந்தார்கள்; வந்தவர்களுக்குச் சூட்ட அவர்களிடம் ஆயத்தமாக ஒரு பெயரும் இருந்தது. இப்படித்தான் பிரெஞ்சுக்காரர்களின் மூதாதையர் பெயர் முதலில் போர்த்துக்கீசியர் தலையில் ஏறியது. பிராங்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கால் வைத்தது 1674இல்தான்!

தமிழில் 'ஃப' ஒலி இல்லை. மெய்ம்மயக்கத்தோடு சொல் தொடங்குவதும் இல்லை. ஆகவே பறங்கி. ர-வா, ற-வா என்று மாணவர்கள் கேட்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 'பறங்கி' என்றே தருகிறது. வழக்கில் இரண்டும் உண்டு. பரந்து படரும் கொடி ஆதலால் பரங்கி என்று என் வகுப்பில் ஒரு மாணவி விளக்கம் சொன்னாள். அழகான விளக்கம். ஆனால் அந்தக் காய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தது. கொண்டு வந்தவரின் பெயரே காய்க்கும் ஆயிற்று. தாய்லாந்தில் வெள்ளைக்காரருக்கும் 'ஃபரங்', கொய்யாப்பழத்துக்கும் 'ஃபரங்'. கொய்யாவும் அமெரிக்கப் பயிர்தான்.

நோயும் இந்தப் பெயரைச் சுமந்தது. பாவமிசிரரின் 16ஆம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலில் மேகநோய் ஒன்றுக்குப் பெயர் 'பிரங்க ரோகம்'. பறங்கி என்பதில் இகழ்ச்சியும் ஏறியிருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் டி நொபிலி, தாம் பறங்கி அல்லர் என்று வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இலங்கைத் தமிழிலோ அதே சொல்லின் நிலை வேறு: போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் வழிவந்த சமூகத்தைப் பறங்கியர் என்றே இயல்பாகக் குறிக்கிறார்கள்.

இதை நான் விரித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த பல மாநிலத்தவரின் பிள்ளைகள் எங்கள் பகுதி வகுப்புகளில் படிக்கிறார்கள். ஒடியா பேசுபவன், வங்காளம் பேசுபவள், போஜ்புரி பேசுபவன் என்று எல்லாருக்கும் மற்ற பிள்ளைகள் வைத்திருக்கும் ஒரே பெயர் 'இந்திக்காரங்க'. போர்த்துக்கீசியரையும் இத்தாலியரையும் ஒரே சொல்லில் அடைத்ததைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும், ஒடியாச் சிறுவன் எழுந்து, "சார், எங்க வீட்ல இந்தி பேச மாட்டோம்" என்றான். இரண்டு ஆண்டுகளாக ஒரே பெஞ்சில் இருந்தவனுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

அடுத்த வகுப்பில் பறங்கிக்காய்க்கு அவரவர் வீட்டில் வழங்கும் பெயரை எழுதி வரச் சொன்னேன். வந்த சொற்கள் ஏழு. தமிழ்ப் பிள்ளைகளே பறங்கி, பூசணி என்று இரண்டு தரப்பாகப் பிரிந்து, எது சரி என்று மணி அடிக்கும் வரை வாதாடிக்கொண்டிருந்தார்கள்.