உங்களுக்குத் தெரியுமா? பேய்க்கதைகளையும் சேர்த்துவைத்த பேராசிரியர்

பள்ளிக் கல்வியையே நிறைவு செய்யாத கரிசல்காட்டு விவசாயியான கி.ராஜநாராயணன், 1989-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டாரியல் வருகைதரு பேராசிரியராக அமர்த்தப்பட்டார்.

• தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த இவர், 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' புதினத்துக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இவருடைய இளமைத் தோழர் கு.அழகிரிசாமியும் அவ்விருதுக்குரியவர், அதே ஊரினர்.

• எழுத்தறியாத முதியோரின் வாய்மொழியை ஏட்டுக் கல்விக்கு இணையான அறிவாகவே மதித்த இவர், 'நாட்டுப்புறக் கதைக் களஞ்சிய'த்துக்காகக் கதை திரட்டியபோது, படித்தோர் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய பேய், முனி (பெருமரங்களில் உறைவதாக நம்பப்படும் ஆண் ஆவி) பற்றிய கதைகளையும் விலக்கவில்லை. அவை வெறும் அச்சமூட்டும் கதைகள் அல்ல. இரவில் கறிச்சோறு கொண்டுசெல்வோர், பேய் அண்டாதிருக்கத் தூக்குவாளியின் மேல் அடுப்புக்கரித் துண்டோ இரும்புத் துண்டோ வைக்கும் வழக்கம் போன்ற, வேறெந்த ஆவணத்திலும் எளிதில் இடம்பெறாத அன்றாட வாழ்க்கைச் செய்திகள் இத்தகைய கதைகளின் வழியாகவே தலைமுறை கடந்து வந்துள்ளன.

• கதை சொல்வோரின் பேச்சைத் திருத்தாமல் எழுதுவதே முறை எனக் கொண்ட இவர், கரிசல் வட்டார வழக்குக்கென்று தனி அகராதியே தொகுத்தார்.

• 2021 மே 17-இல் புதுச்சேரியில் மறைந்த இவருடைய உடல், தமிழக அரசு மரியாதையுடன் இடைசெவலில் அடக்கம் செய்யப்பட்டது.