பாட்டனாரின் ‘மல்லிகை’

டொமினிக் ஜீவா 1966ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே தொடங்கிய ‘மல்லிகை’ மாத சஞ்சிகை, பின்னாளிற் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. சந்தாதாரர் பலர் இதழ்களைக் கட்டுக்கட்டாய்ப் பேணினர். போரும் இடப்பெயர்வும் அவற்றை விட்டுவைத்தனவா? 1981இல் யாழ்ப்பாண நூலகத்திலேயே ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோயினவே!

2005இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ‘மல்லிகை’ முதலிய ஈழத்து ஏடுகளைப் பக்கம் பக்கமாய் மின்வருடி, கட்டணமின்றி இணையத்தில் வழங்குகின்றது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பேத்தி டேப்லெட்டைத் தொட்டால், பாட்டனார் இழந்த இதழ் விரிகின்றது. எழுத்தை இரு விரலாற் பெரிதாக்கலாம்; மூக்குக்கண்ணாடிக்குச் சற்றே ஓய்வு!

எனினும், யாரேனும் பேணிய பிரதி கிடைத்தாலன்றி மின்வருடுவது எதனை? வீட்டிலுள்ள பழைய சஞ்சிகைகளைப் பேப்பர்காரரின் தராசில் ஏற்றுமுன், அவை நூலகத்தில் உண்டோவென ஒருமுறை பார்த்துவிடுங்கள்.