உடைந்த மாதாவும் ஒட்டவைத்த கைகளும்

பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் மாதா சுரூபம் கைதவறி விழுந்து உடைந்துவிட்டால் என்ன செய்கிறோம்? சிலர் அபசகுனம் என்று பயப்படுகிறார்கள். சிலர் கடைக்குப் போய்ப் புதியதை வாங்கிவிடுகிறார்கள். உடைந்ததைப் பொறுமையாக ஒட்டிச் சரிசெய்வது வீண் வேலையா, அல்லது அதுவும் ஒரு பக்தி முயற்சியா? பிரேசில் நாட்டில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல விளக்கம் தருகிறது.

அந்நாட்டின் பாதுகாவலியாகிய அபரெசிதா மாதாவின் சுரூபம் மிகச் சிறியது. களிமண்ணால் செய்து சுட்டது. உயரம் 40 சென்டிமீட்டருக்கும் குறைவு. 1717இல் மூன்று மீனவர்கள் பராய்பா ஆற்றில் வலை வீசியபோது முதலில் தலையில்லாத உடல் கிடைத்தது. மறுபடி வீசிய வலையில் தலை வந்தது. இரண்டையும் இணைத்து வீட்டில் வைத்து வணங்கத் தொடங்கினார்கள். ஆக, அந்தச் சுரூபம் மக்கள் கைக்கு வந்ததே உடைந்த நிலையில்தான்.

1978 மே 16ஆம் தேதி மாலை, கோவிலில் திருப்பலி நேரத்தில், ஓர் இளைஞர் கண்ணாடியை உடைத்துச் சுரூபத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அது தரையில் விழுந்து சுமார் 200 துண்டுகளாக நொறுங்கியது. நாடே துயரத்தில் ஆழ்ந்தது. வேறொன்று செய்து வைத்திருக்கலாம். அச்சு அசலான பிரதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோவில் குருக்கள் துண்டுகளையும் தூளையும் சேகரித்து, சாவ் பாவ்லோ கலை அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்கள்.

அங்கே சீரமைப்புக் கலைஞர் மரியா ஹெலேனா சார்துனி, 33 நாட்கள் அந்தத் துண்டுகளோடு உட்கார்ந்தார். எது எதனோடு பொருந்தும் என்று பார்த்து ஒட்டினார். தொலைந்துபோன பகுதிகளை மட்டும் புதிதாக நிரப்பினார். ஆகஸ்ட் 19ஆம் தேதி தீயணைப்பு வண்டியில் மாதா ஊர் திரும்பியபோது வழிநெடுக மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். அந்த நாட்களில் திருச்சபையை விட்டு விலகியிருந்த சார்துனி, அந்த வேலைதான் தம்மை மீண்டும் விசுவாசத்துக்குக் கொண்டுவந்தது என்று பின்னர் எழுதினார். தம் நூலுக்கு அவர் இட்ட பெயர், 'இரண்டு சீரமைப்புகளின் கதை'. ஒன்று சுரூபம், மற்றொன்று அவரே.

அப்படியானால் கத்தோலிக்கர்கள் களிமண்ணையா வணங்குகிறார்கள் என்று பிற சமய நண்பர்கள் கேட்கலாம். கி.பி. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. படத்துக்குச் செலுத்தும் வணக்கம் அதில் காட்டப்படுபவரையே சென்றடைகிறது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது. அம்மாவின் கிழிந்த புகைப்படத்தை ஒட்டிவைப்பவர் காகிதத்தையா நேசிக்கிறார்? அதுபோலத்தான் இதுவும். தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்ணீரோடு நோக்கிய அந்த முகத்தைக் கடையில் வாங்க முடியாது.

ஆனால் பக்தி இருந்தால் மட்டும் போதாது, பக்குவமும் வேண்டும். ஆர்வத்தோடு எனாமல் பெயிண்டை எடுத்துப் பூசினால் பழைய வண்ணமும் முகபாவமும் அடியில் மறைந்துவிடும். பிளாஸ்டர் சுரூபத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது ஊறிக் கெட்டுவிடும். உதிர்ந்த துண்டு எவ்வளவு சிறியதாயினும் ஒரு பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே கை வையுங்கள்.

கோவிலில் பொது வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கும் சுரூபமென்றால் இன்னும் கவனம் தேவை. பழைமையாலோ கலையாலோ மக்களின் பக்தியாலோ சிறப்புப் பெற்ற சுரூபங்களை, ஆயர் போன்ற பொறுப்பாளரின் எழுத்துமூல அனுமதியின்றிப் பழுதுபார்க்கக் கூடாது; அவரும் வல்லுநர்களைக் கலந்த பிறகே அனுமதி தர வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். நல்ல மனத்தோடு செய்யும் தவற்றிலிருந்து சுரூபத்தைக் காக்கும் ஏற்பாடு இது.

சரிசெய்யவே முடியாத அளவு சிதைந்துவிட்டால்? குப்பையில் போடாமல் மரியாதையாக மண்ணில் புதைப்பது கத்தோலிக்க வழக்கம். அதற்கு முன்பு ஒருமுறை துண்டுகளை மேசைமேல் பரப்பிப் பாருங்கள். 200 துண்டுகளே ஒன்றுசேர்ந்தபோது, உங்கள் பாட்டியின் மாதா நாலைந்து துண்டாகத்தானே உடைந்திருக்கிறாள்!