சுளுக்குதானேன்னு விடாதீங்க

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்வி: "ப்ரோ, மேட்ச்ல கால் பிசகிடுச்சு, எப்போ திரும்ப ஆடலாம்?" நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுறவன். ஆனா இதுல அவசரப்பட்டு அனுபவிச்சவன்.

மூணு வருஷம் முன்னாடி, திருவொற்றியூர்ல ஞாயித்துக்கிழமை ஃபுட்பால். மேடும் பள்ளமுமான கிரவுண்ட். எகிறி இறங்கும்போது வலது பாதம் உள்பக்கமா மடங்கிடுச்சு. "சுளுக்குதான்டா, எண்ணெய் போட்டு உருவி விடு"ன்னாங்க. உருவினதும் வீக்கம் இன்னும் ஏறிடுச்சு. பத்தாவது நாள் வலி குறைஞ்சதும் இறங்கினேன். இருபதே நிமிஷம், அதே கால், அதே மடக்கு. இந்தத் தடவை நாலு மாசம் போச்சு.

ஏன் அப்படி? கணுக்கால் வெளிப்பக்க லிகமென்ட் எலும்புகளைப் பிடிச்சு வைக்குறதோட, பாதம் எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்குச் சிக்னலும் அனுப்புது. கிழிஞ்சா அந்த சிக்னலும் கெட்டுப்போகும். வலி போயிடும், பேலன்ஸ் திரும்பி வந்திருக்காது. அதனாலதான் ஒரு தடவை பிசகின கால் மறுபடியும் பிசகுது.

முதல்ல, எலும்பு உடையலையேன்னு பாருங்க. கனடாவுல 1992-ல வந்த ஒட்டாவா விதிகளை டாக்டர்கள் இன்னும் பயன்படுத்துறாங்க. அடிபட்ட உடனேயும், அப்புறமும் நாலு அடி எடுத்து வைக்க முடியலையா? கணுக்கால் மொட்டோட நுனியிலயோ பின் விளிம்புலயோ அழுத்தினா எலும்பே வலிக்குதா? பாதத்தோட வெளி ஓரத்துலயோ உள்பக்க நடுவுலயோ எலும்பு வலிக்குதா? இதுல ஒண்ணு இருந்தாலும் எக்ஸ்ரே எடுங்க. கால் கோணியிருந்தா, மரத்துப்போனா, உடனே எமர்ஜென்சி. ராயபுரம் பக்கம்னா ஸ்டான்லி இருக்கு.

எலும்பு முறிவு இல்லன்னா, முதல் ரெண்டு மூணு நாள் க்ரேப் பேண்டேஜ், காலைத் தூக்கி வைக்குறது. ஐஸ் வலிக்கு மட்டும். சூடும் உருவுறதும் வேண்டாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல்னு 1978-ல சொன்ன டாக்டர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுறதைத் தாமதப்படுத்தலாம்னு பின்னாடி கருத்தை மாத்திக்கிட்டார். அதனால வலி அனுமதிக்கிற அளவு சீக்கிரம் நடங்க. அப்புறம் குதிகாலைத் தூக்கி இறக்குறது, ஒத்தைக்கால்ல நிக்குறது. நான் பல் தேய்க்கும்போதே ஒத்தைக்கால்ல நின்னேன். அம்மா கொக்குன்னு கூப்பிட்டாங்க.

எப்போ திரும்ப ஆடலாம்? காலண்டரைப் பாக்காதீங்க, நல்ல காலோட ஒப்பிடுங்க. ஒத்தைக்கால்ல குதிக்க, ஓடிட்டு சட்டுனு திரும்ப, ரெண்டு காலும் ஒண்ணுபோல வரணும்.

அடிபடாம இருக்க ஃபிஃபா 11+ னு 20 நிமிஷ வார்ம்-அப் இருக்கு. ஓட்டம், வலு, பேலன்ஸ், குதிச்சு சரியா இறங்குறது. நார்வேயில 1,800-க்கும் மேல டீனேஜ் பொண்ணுங்களை வெச்சு நடத்தி 2008-ல வெளியான ஆய்வுல, இதைச் செஞ்ச டீம்கள்ல மொத்தக் காயம் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறைவு. செலவு ஒரு ரூபா கூட இல்ல.

நான் உட்கார்ந்து வேலை பாக்குறவன், தப்பிச்சேன். எங்க டீம்ல துறைமுகத்துல லோடு ஏத்துற நண்பன் இருக்கான். அவனுக்கு நாலு மாசம்னா நாலு மாசக் கூலி. இப்போ டாஸுக்கு முன்னாடி எல்லாரையும் கூப்பிட்டு வார்ம்-அப் ஆரம்பிக்கிறதே அவன்தான்.