நடுவயதில் ஓடத் தொடங்குவோர்க்கு



ஓட்டம் என்றதும் நம்மவர் பலருக்கும் பாடசாலைக் காலத்து இல்ல விளையாட்டுப் போட்டியே நினைவுக்கு வருகின்றது. வெள்ளைக் கோடிட்ட திடல், துப்பாக்கி வேட்டு, முடிவுக் கயிற்றை நோக்கிய பாய்ச்சல். அத்துடன் ஓட்டத்தின் கதை முடிந்துவிடுகின்றது. உத்தியோகமும் குடும்பமும் வந்து சேர்ந்தபின், பஸ் வண்டியைப் பிடிப்பதற்கன்றி வேறெதற்கும் ஓடுவோர் அரியர். இவ்வாறு இருபது ஆண்டுகள் கழிந்தபின், இரத்தத்திற் சீனி கூடியிருக்கின்றதென்று வைத்தியர் ஒருநாள் எச்சரிக்கின்றார். மறுநாள் விடியற்காலையிற் புதுச் சப்பாத்தை அணிந்துகொண்டு மனிதர் வீதியில் இறங்குகின்றார். பாடசாலையில் ஓடிய அதே வேகத்தில் ஓட முயல்கின்றார். இருநூறு மீற்றர் செல்லுமுன் மூச்சு வாங்குகின்றது, நெஞ்சு படபடக்கின்றது, அடுத்த நாள் மாடிப்படி ஏறவும் முடியவில்லை. இரண்டு கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றபின், "இது நமக்கு ஒத்துவராது" என்று தீர்ப்புக் கூறிச் சப்பாத்தைக் கட்டிலுக்கடியிலே தள்ளிவிடுகின்றார்.

அந்தத் தீர்ப்புச் சரியானதன்று. பிழை அவருடைய வயதிலும் இல்லை, ஓட்டத்திலும் இல்லை, அவர் ஓடிய வேகத்திலேயே உள்ளது. வளர்ந்தவர் ஒருவர் ஓட்டத்தை எவ்வாறு தொடங்கவேண்டும், ஏன் அவ்வாறு தொடங்கவேண்டும் என்பனவற்றையே இங்கு விளக்க விரும்புகின்றேன்.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. நமது நாட்டில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் நேர்வனவென உலக சுகாதார நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அந்நோய்களிற் பலவற்றுக்கு, உட்கார்ந்தே கழியும் வாழ்க்கை ஒரு முக்கிய காரணம். இதனை முதன்முதலில் ஐயமறக் காட்டிய ஆராய்ச்சிகளுள் ஒன்று லண்டன் மாநகரத்துப் பஸ் வண்டிகளிலே நடைபெற்றது. ஜெரி மொறிஸ் என்னும் வைத்தியப் பேராசிரியரும் அவரைச் சேர்ந்தோரும், இரண்டு தட்டுப் பஸ்களிற் பணிபுரிந்த சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். இருவரும் ஒரே நிறுவனத்து ஊழியர். ஒரே வண்டியிற் செல்பவர். ஆனாற் சாரதி நாள் முழுதும் உட்கார்ந்திருக்கின்றார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குகின்றார். இருதய நோய் நடத்துநர்களிடையே குறைவாகக் காணப்பட்டது. வந்தபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது.

உடம்புக்கு வேலை வேண்டுமென்பது இதனாற் புலனாயிற்று. ஆனால் நாற்பது, ஐம்பது வயதினர் ஓடலாமா? ஓட்டம் இளைஞருக்கும் பந்தய வீரருக்கும் உரியதென்றே உலகம் எண்ணியிருந்தது. அந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முதலிடம் பெறுபவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆதர் லிடியாட்.

1917 ஆம் ஆண்டு பிறந்த லிடியாட், ஒக்லாந்து நகரிற் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றிலே வேலை செய்தவர். இளமையில் றக்பி விளையாடியமையால் தம் உடல் நன்னிலையில் உள்ளதென்று நம்பியிருந்தார். தம்மினும் மூத்த ஓட்டக்காரர் ஒருவருடன் ஐந்து மைல் தூரம் ஓடிப்பார்த்த நாளில் அந்த நம்பிக்கை சிதறிப்போயிற்று. மூச்சுத் திணறித் தவித்தார். அன்று முதல் தம் உடலையே ஆராய்ச்சிக் கூடமாக்கி, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் ஓடினால் உடம்பு வலுப்பெறும், எப்பொழுது நலிவடையும் என்று பல ஆண்டுகள் சோதித்தார். அவர் கண்ட முடிவு எளியது: மூச்சு முட்டாத வேகத்தில் நெடுநேரம் ஓடுவதே வலிமைக்கு அத்திவாரம். அவரிடம் பயின்ற பீற்றர் சினெல், மறே ஹோல்பேர்க் என்னும் இருவரும் 1960 ஆம் ஆண்டு றோமாபுரி ஒலிம்பிக்கில் ஒரே நாளில், ஒருவர் 800 மீற்றரிலும் மற்றவர் 5000 மீற்றரிலும், தங்கப் பதக்கம் வென்றனர்.

வீரர்களுக்குப் பயன்பட்ட அதே அத்திவாரம் சாதாரண மனிதருக்கும் பயன்படுமென்று லிடியாட் நம்பினார். மாரடைப்புக்கு ஆளானோரை வாரக்கணக்கிற் படுக்கையிலே கிடத்திவைத்த காலம் அது. அத்தகையோர் சிலரையும், உடல் பருத்த நடுவயதினர் பலரையும் சேர்த்து மெல்ல ஓடச்செய்தார். 1962 ஆம் ஆண்டு ஒக்லாந்தில் இவர்களுக்கென ஒரு மெல்லோட்டக் கழகம் தோன்றியது. பந்தயமில்லை; பரிசில்லை; முந்துவோர் பிந்துவோர் என்ற கணக்குமில்லை.

அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழகத்து ஓட்டப் பயிற்றுநர் பில் பவர்மன் நியூசிலாந்துக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. உலகத் தரம் வாய்ந்த வீரர்களை உருவாக்கிய அவர், மெல்லோட்டக் கழகத்தினருடன் தாமும் ஓடப் புறப்பட்டார். சிறிது தூரத்திலேயே பின்தங்கிவிட்டார். எழுபதைக் கடந்தவரும், மாரடைப்புக்கு ஆளாகி மீண்டவருமான முதியவர் ஒருவர் அவருக்குத் துணையாக மெதுவாக ஓடி, பேசிக்கொண்டே அழைத்துச் சென்றாராம். பேசுவதற்கு அம்முதியவருக்கு மூச்சிருந்தது. விடை கூறப் பவர்மனுக்கு மூச்சிருக்கவில்லை. ஊர் திரும்பிய பவர்மன் 1963 ஆம் ஆண்டு தம் நகரமான யூஜீனில் பொதுமக்களுக்கு மெல்லோட்ட வகுப்புகளைத் தொடங்கினார். கூட்டம் பெருகவே, வோல்டோ ஹரிஸ் என்னும் இருதய வைத்தியரின் துணையைப் பெற்றுப் பயிற்சிமுறை வகுத்தார். நடப்பதும் ஓடுவதும் மாறிமாறி அமைந்த அம்முறையே பின்னர் உலகெங்கும் பரவியது.

மெல்ல ஓடுவதில் அப்படியென்ன சூட்சுமம் என்று கேட்கலாம். அதனை அறிய உடலின் உள்ளே சற்று நோக்கவேண்டும்.

நம் உடலில் இருவகை மாணாக்கர் உள்ளனர். ஒரு சாரார் விரைந்து கற்பவர். மறுசாரார் மெல்லக் கற்பவர். இருதயமும் இரத்தமும் முதல் வகை. ஓடத் தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களுள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் செலுத்தும் இரத்தத்தின் அளவு கூடுகின்றது. அடுத்துவரும் வாரங்களில் தசைகளிலே நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகி, பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றல் வளர்கின்றது. முதல் நாள் முட்டிய மூச்சு ஒரு மாதத்தில் இலகுவாகிவிடுவது இதனாலேயே.

எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் இரண்டாம் வகை. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் எடையின் இரண்டு மூன்று மடங்கு தாக்கம் காலில் இறங்குகின்றது. நிமிடத்துக்கு 160 அடி என்று கொண்டால், இருபது நிமிடத்தில் 3200 தாக்கங்கள். இத்தாக்கத்தைத் தாங்கும்பொருட்டு எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கின்றது. ஆனால் பழைய வீட்டைத் திருத்துபவர் முதலிற் பழுதான சுவரை இடிப்பதுபோல, எலும்பும் தேய்ந்த பகுதியை முதலில் அகற்றிவிட்டுப் பின்னரே புதியதைக் கட்டுகின்றது. இவ்வேலை நிறைவுபெற மூன்று நான்கு மாதங்கள் செல்லும். இடைக்காலத்தில் அவ்விடம் முன்னிலும் சற்று நலிந்தே இருக்கும்.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கின்றது. ஒரு மாதம் முடிந்ததும் மூச்சு, "இன்னும் ஓடு" என்று தூண்டுகின்றது. எலும்போ அதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. மூச்சின் சொல்லைக் கேட்டுத் தூரத்தையும் வேகத்தையும் ஒருசேரக் கூட்டுபவர், கணைக்கால் நோவுடனோ எலும்பில் நுண்வெடிப்புடனோ வீட்டில் இருக்க நேரிடும். வகுப்பிலே மெல்லக் கற்பவனுக்கேற்பப் பாடத்தை நடத்துபவரே நல்லாசிரியர். ஓட்டத்திலும் எலும்பின் வேகமே நம் வேகமாக இருத்தல் வேண்டும்.

இனி, தொடங்கும் முறை. 1996 ஆம் ஆண்டு ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்க இளைஞர் ஓடியறியாதோர்க்கென ஒன்பது வாரத் திட்டமொன்றை வகுத்தார். பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையும் பின்னர் அதனை மக்களிடையே பரப்பியது. வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே ஓடவேண்டும். இடையில் ஒருநாளேனும் ஓய்வு வேண்டும். முதல் வாரத்தில் ஐந்து நிமிட விரைநடை. பின்னர் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இவ்வாறு மாறிமாறி இருபது நிமிடம். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மையில் ஓடுவது எட்டு நிமிடமே. வாரங்கள் செல்லச்செல்ல நடை குறைந்து ஓட்டம் கூடுகின்றது. ஒன்பதாம் வாரத்தில் அரைமணி நேரம் இடைவிடாது ஓடமுடிகின்றது. ஒரு வாரத்துப் பயிற்சி கடினமாயிருந்தால் அதே வாரத்தை மீண்டும் செய்வதில் இழுக்கேதுமில்லை. ஒன்பது வாரத்தைப் பதினைந்து வாரமாக்கியவரும் வெற்றி பெற்றவரே.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. நாவே போதும். ஓடும்போது பக்கத்தில் வருபவருடன் ஒரு முழு வாக்கியம் பேசமுடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் மிகை. விரைவாக நடப்பவர் ஒருவர் நம்மை முந்திச் சென்றாலும் வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் நாட்டுக் காலநிலையையும் கருதவேண்டும். உடலின் சூட்டைத் தணிப்பது வியர்வை அன்று, வியர்வை ஆவியாதலே. கொழும்பு, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் முதலிய கரையோரப் பகுதிகளிற் காற்றின் ஈரம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உள்ளே சூடு ஏறுகின்றது. அதே ஓட்டத்துக்கு இருதயம் கூடுதலாக உழைக்கின்றது. ஆகவே சூரியன் ஏறுமுன் ஓடுவதே நன்று. புழுக்கம் மிகுந்த நாளில் வேகத்தை மேலும் குறைக்கவேண்டும். மலையகத்தவர்க்கு வெப்பத்தின் தொல்லை குறைவு. மேடும் பள்ளமுமே அவர்க்குச் சோதனை. ஏற்றத்தில் நடந்து, சமநிலத்தில் ஓடலாம். வீதியில் ஓடுவோர் எதிரே வரும் வாகனங்களைக் காணும்படி வலப்பக்கமாகச் செல்லுதல் வேண்டும். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடப்பதே உத்தமம்.

"ஓடினால் முழங்கால் தேய்ந்துபோகும்" என்பது பரவலான அச்சம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு ஓடாதவரிடையே நூற்றுக்குப் பத்து அளவிலும், பொழுதுபோக்காக ஓடுபவரிடையே நூற்றுக்கு மூன்று நான்கு அளவிலுமே காணப்பட்டதெனக் கூறுகின்றது. பந்தயத்துக்காக மிகையாக ஓடுவோரிடையே அந்த அளவு கூடியிருந்தது. ஓடுவோர் இயல்பாகவே மெலிந்தவராயிருத்தல் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் அளவான ஓட்டம் மூட்டுக்குப் பகையன்று என்பது தெளிவு. முன்னரே மூட்டில் காயமுற்றவர் மட்டும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குதல் நலம்.

நோவு வகைகளையும் பிரித்தறிதல் அவசியம். ஓடிய மறுநாள் இரு தொடைகளிலும் பரவலாகத் தோன்றி, நடக்கநடக்கக் குறையும் நோவு தசை பழகுவதன் அறிகுறி. இரண்டொரு நாளில் தானே நீங்கும். ஒரே காலில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், ஓடஓட வளரும் நோவோ எலும்பின் முறையீடு. அதனை மீறி ஓடலாகாது. நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, தலைச்சுற்றல் ஆகியவை தோன்றினால் உடனே நின்று வைத்திய உதவியை நாடவேண்டும். இருதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் தொடங்குமுன்னரே வைத்தியரைக் கலந்துகொள்ளுதல் கடன். இன்சுலின் எடுப்பவர்க்கு ஓட்டத்தினாற் சீனி திடீரெனத் தாழக்கூடும். ஆதலால் கையில் இனிப்பு இருத்தல் வேண்டும்.

நம் பெண்கள் ஊர்வாய்க்கு அஞ்சி இவ்விடயத்தில் ஒதுங்கி நிற்பதையும் இங்குச் சொல்லாமல் விடமுடியாது. நீரிழிவும் இருதய நோயும் ஆண், பெண் என்று பார்த்து வருவனவல்ல. அயலிலுள்ள இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து பாடசாலை மைதானத்திலோ கோவில் வெளிவீதியிலோ நடையாகத் தொடங்கினால், ஒரு மாதத்தில் அதனை ஊர் பழகிக்கொள்ளும். கணவரும் பிள்ளைகளும் காலைத் தேநீரைத் தாமே தயாரித்துக் கொண்டால் அந்த அரைமணி நேரம் தானே கிடைத்துவிடும்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். நாளைக் காலை ஓடப் புறப்படும் அன்பர் ஒரு நிமிடம் ஓடி ஒன்றரை நிமிடம் நடக்கட்டும். வீடு திரும்பும்போது, "இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமே" என்ற எண்ணம் எஞ்சியிருக்குமானால், அன்றைய பயிற்சி சரியாக நடந்ததென்று கொள்ளலாம். அந்த எண்ணமே நாளை மறுநாளும் அவரை வீதிக்கு அழைத்து வரும்.