ஆயருக்கு மனு எழுதினால் மூன்று மாதக் கெடு உண்டு

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து திங்கள்கிழமை காலையில் மனுவோடு பஸ் ஏறி, கோவை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போவது நம் மக்களுக்குப் பழகிய வேலை. மயானப் பாதை, வீட்டுமனைப் பட்டா, குடிநீர் என எல்லாவற்றுக்கும் மனுதான்.

தலித் கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு முகவரியும் இருக்கிறது: ஆயர் இல்லம். சில மறைமாவட்டங்களில் அது பேராயர் இல்லம். அங்கே போகும் மனுக்களும் பெரிதாக எதையும் கேட்பதில்லை. கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை கூடாது. தேர்பவனி எங்கள் தெருவுக்கும் வர வேண்டும். திருவிழா வரியை எங்களிடமும் வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

அதைக்கூடத் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எறையூர் சாட்சி. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர், புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர்க் கோயிலில் சம உரிமை கிடைக்காத தலித் மக்கள், தங்கள் சகாயமாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரிப் போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்களின் குடியிருப்பு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் உயிரிழந்தனர். இரு தரப்பும் ஒரே சபையின் பிள்ளைகள்.

கோரிக்கை பேராயரிடம் போனதற்குக் காரணம் உண்டு. புதுப் பங்கை உருவாக்கும் அதிகாரம் மறைமாவட்டத் தலைவருக்கு மட்டுமே என்கிறது திருச்சபைச் சட்டம் 515. எறையூருக்கு அவர் பேராயர். கோவைக்கு மறைமாவட்ட ஆயர்.

அதே சட்டத்தில் நமக்குச் சாதகமான பிரிவுகளும் உள்ளன. எண் 208, விசுவாசிகள் அனைவரும் மாண்பில் சமம் என்கிறது. எண் 212, தங்கள் தேவைகளை மேய்ப்பர்களிடம் சொல்லும் உரிமையைத் தருகிறது. ஆணை கேட்டு முறையாக மனுக் கொடுத்தால், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது எண் 57. பதில் வராவிட்டால், மறுத்துவிட்டதாகக் கொண்டு மேல்முறையீடு செய்யலாம். ஆயருக்கு மேலே அது வத்திக்கானுக்குப் போகும். அதற்கான கெடு 15 நாள்தான். மௌனத்தைப் பார்த்துக்கொண்டே வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதில் ஆயர்களே எழுதியிருக்கிறார்கள். ஆக, மனு எழுதுவோர் சிறுபான்மை அல்ல, சபையில் பெரும்பான்மை.

எனவே மனுவில் கண்ணீரோடு சட்ட எண்ணும் இருக்கட்டும். தேதி, கையெழுத்துகள், தெளிவான ஒரு கோரிக்கை, ஒரு நகல், தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டை. கல்லூரி படிக்கும் பிள்ளைகள் ஊரில் ஒரு மாலை உட்கார்ந்தால் இதை எழுதி முடித்துவிடலாம். அன்றிலிருந்து நாளை எண்ணத் தொடங்குங்கள்.